அரையும் சேர்த்து

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிச்சிக்கிட்டே வாங்க என்றார்
கூடலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் நசீமா.
எனக்குச் சிரிப்பு வந்தது.
சேரம்பாடியில் பதினோரு வருஷம் கொழுந்து நிறுத்தவன் நான்.
நாற்பது பேர், நாளுக்கு மூன்று நிறுவை,
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு கழிவு.
தராசு முள் நடுங்கி நிற்பதற்குள்
வாய் சொல்லிவிடும், கை எழுதிவிடும்.

தொண்ணூற்று மூன்று.
எண்பத்தாறு.
எழுபத்தொன்பது.
ஜன்னலுக்கு வெளியே ஒரு ஜீப்
ஏற்றத்தில் கியர் மாற்றியது.
காதைத் திருப்பிக் கொண்டுவந்தால்
எதிலிருந்து எதைக் கழித்தேன் என்பதே இல்லை.
ஏழா சார், எட்டா என்றேன் அந்த அம்மாவை.

முதுகுக்குத்தான் ஆரம்பித்தது.
ஆனி மழையில் மூட்டையோடு சறுக்கியதற்கு.
மாத்திரை வலியை எடுத்துவிடவில்லை,
பக்கத்து வீட்டில் குடிவைத்தது.
சத்தம் கேட்கும். யாருக்கோ என்று இருக்கலாம்.

அட்டை என்றால் எங்கள் பக்கம் இரண்டு.
மழைக்காட்டில் கணுக்காலில் ஏறுவது ஒன்று,
பத்துப் பத்தாக மாத்திரை அடுக்கியது ஒன்று.
இரண்டும் கடிக்கும்போது தெரியாது.
முன்னதற்கு உப்பு போதும்.

பலா பழுக்கும் மாசம் ஒரு விடியலில்
லயத்துக் குழாயடியில் ஒற்றைக் கொம்பன்.
பதினைந்து அடி இருக்கும்.
காதோரக் கிழிசலைப் பார்த்தேன்,
கிழிசல் வழியே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தேன்,
குடம் நிறைந்து வழிவதையும்.
லோகேஸ்வரி காலரைப் பிடித்து இழுத்து,
கதவைச் சாத்தி, அழுது முடித்து,
டீ ஆற்றிக் கையில் கொடுத்த பிறகு
வந்தது பயம்,
ஆளெல்லாம் போன ஸ்டாண்டுக்குக் கடைசி பஸ் மாதிரி.

ஒரு தட்டில் இன்றைக்கு ஒரு மாத்திரை,
மறு தட்டில் நாளைக்கு மகளின் பரீட்சைக் கட்டணம்.
நாளை என்பதற்கு எடையே இல்லாமல் போயிருந்தது.
கட்டணத்தை அவள் பிறகு என்னிடம் கேட்கவேயில்லை.

பவளக்கொடிக்கு முள் காட்டியது முப்பத்திரண்டு.
நான் எழுதியது இருபத்து மூன்று.
அவள் நோட்டைப் பார்த்தாள்,
கடுகாய்ச் சுருங்கிய என் கண்மணியைப் பார்த்தாள்,
காலிச் சாக்கை உதறித் தோளில் போட்டுப் போனாள்.
மறுநாளும் அப்படியே.
அவளிடம் மட்டும் எத்தனை முறை என்று
எனக்குத் தெரியவே இல்லை.
அதுதான் விஷயம்.

விட்டு ஒன்பது மாசம்.
விட்ட முதல் பத்து நாளை எழுதப் போவதில்லை.
இப்போது நிறுக்க மின்தராசு இருக்கிறது.
நான் நாற்றுப் பையில் மண் நிரப்புகிறேன்.
யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை தப்பிவிடும்,
அதனால் பத்துப் பைக்கு ஒரு கூழாங்கல்.
கொஞ்சம் கொஞ்சமா திரும்பும் என்கிறார் டாக்டர்.
எவ்வளவு என்று கேட்டால்
மேசைமேல் இருக்கும் பேனாவை நகர்த்தி வைக்கிறார்.

ராத்திரியில் பழைய நிறுவை நோட்டோடு உட்காருகிறேன்.
அவளுக்கு எத்தனை கிலோ குறைத்தேன்?
ஒரு நாள் நூற்று நாற்பது வருகிறது,
ஒரு நாள் நூற்று எழுபத்தொன்று.
கூட்டிக்கொண்டிருக்கும்போதே
கையில் வைத்த ஒன்று எங்கோ விழுந்துவிடுகிறது.

சம்பளத்தன்று அவள் வாசலில் நின்றேன்.
ஒரு நூத்தி நாப்பது வரும்போல, என்றேன்.
பவளக்கொடி பள்ளிக்கூடம் போனதில்லை.
வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்:
நூத்தி அறுபத்திரண்டரை.
அரையையும் சேர்த்து எழுதிக்கங்க, கணக்கப்பிள்ளை.

எழுதினேன்.
வாசிச்சுக் காட்டச் சொன்னாள்.