மேசைக்கு அடியில்

கிருஷ்ணகிரி ரவுண்டானா நகைக்கடை.
"ரவுண்டு கட் எடுங்க மேடம்,
சின்னக் குறையை மினுக்கு மறைச்சிடும்."

எமரால்டு கட் காட்டுங்கள் என்றேன்.
மூலை சீவிய நீள்சதுரம்.
ஒளி அதில் குதிக்கவில்லை,
படி படியாய் இறங்கிப் போனது.

பர்கூர் கிரானைட் ஆலையில்
ஸ்லாப் மேல் தண்ணீர் தெளித்து
மயிரிழை விரிசல் தேடுவது என் வேலை.
லென்ஸ் வாங்கினேன்:
மேசைக்கு அடியில், இடப்பக்கம்,
எள்முனை வெள்ளை.

"வெறுங்கண்ணுக்குத் தெரியாதே!"
எனக்குத் தெரிகிறதே.

அடுத்தது சுத்தம். சிறிசு. விலை அதேதான்.

முனிராஜ் போனில்,
"பெரிசா எடு, ஊரு பாக்கணுமில்ல?"

சிறிசுக்கே முன்பணம் கட்டினேன்.
ரசீதில் பெயர் எழுதும்போதுதான்
நினைவு வந்தது:
முதல் நிச்சயம் முறிந்ததை
அவனிடம் நான்
இன்னும் சொல்லவில்லை.