ஈரத்துக்குக் கழிவு

நுவரெலியா ஹோட்டலில், போன மாசியில்,
நெறிக்கோவையில் எல்லாரும் ஒப்பமிட்டோம்.
டொக்டர்மாருக்கு விருந்து இல்லை, வெளிநாடு இல்லை,
தீபாவளிப் பெட்டி இல்லை.
பேனை கொடுக்கலாம்; அதில் பெயர் பொறிக்கக் கூடாது.
பொருளில் பிழை கண்டால் மூன்று வேலைநாளில் அறிவிக்கவும்.
கைதட்டினோம்.
பிறகு இரால் வந்தது.

வைகாசியில் பொகவந்தலாவை.
மழை விட்டும் விடாத செவ்வாய்க்கிழமை.
பார்மசி யோகமலர் போத்தலை மேசையில் வைத்தாள்.
சீனி பார்க்கும் பட்டிகள். நான் விற்றவை.
ஐம்பதில் முப்பத்தொன்று மிச்சம்.
“கீழ்ப்பிரிவு ஆரோக்கியத்துக்குக் காலையில் நூற்றுப்பத்து காட்டிச்சு.
பின்னேரம் பெரியாஸ்பத்திரியில நானூற்றுப் பன்னிரண்டு.”

“மூடியைத் திறந்து வைத்தீங்களா?”
அப்படித்தான் கேட்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.
அவள் பதில் சொல்லவில்லை.
வாசலால் பனி உள்ளே வந்து
மருந்துச்சீட்டோடு நிற்பவர்களுக்குப் பின்னால் நின்றது.

பெட்டியின் அடியில், எறும்பு எழுத்தில்:
எண்பத்தைந்து வீத ஈரப்பதத்துக்கு மேல்
கம்பனி பொறுப்பல்ல.
இந்த மலை எண்பத்தைந்துக்கு இறங்கிவரும் நாட்களை
விரல் விட்டு எண்ணலாம்.

அம்மா பதினெட்டு வருஷம் தராசுக்கு முன்னால் நின்றவள்.
இருபத்திரண்டு கிலோ கொழுந்து;
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று.
நிறுத்தவரே எழுதினார், எழுதியவரே கூட்டினார்.
கல் வெடிக்கும் வெயிலிலும்
ஈரத்துக்குக் கழித்தார்கள்.

வேனுக்குள் இருந்து படிவம் நிரப்பினேன்.
ஆறாம் கேள்வி:
பிழை பாவனையாளருடையதா, பொருளுடையதா?
இரண்டு கட்டங்கள்.
நான் நடுவில் புள்ளடி போட்டேன்,
பிறகு வெட்கப்பட்டு
இரண்டாவதில் அழுத்திப் போட்டேன்.

விசாரிக்கும் குழுவில் ஐந்து பேர், ஐந்து கம்பனி.
தலைவர் எங்களுடைய விக்கிரமநாயக்க.
நல்ல மனுசன், என் கலியாணத்துக்கு வந்தவர்.
கணக்கப்பிள்ளையும் நல்ல மனுசன்தான் என்பாள் அம்மா,
பேரேட்டைத் திறக்கும்வரை.

ஆரோக்கியம் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து
எழுந்து உட்கார்ந்து
தேத்தண்ணி கேட்டாளாம்,
சீனி போட்டு.

மிச்சப் பட்டிகளைப் பரிசோதனைக்கு
கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி.
பதினைந்தை அனுப்பினேன்.
பதினாறு யோகமலரின் லாச்சிக்குள்,
இறுக மூடிய போத்தலில்,
நாங்கள் இருவரும் திகதியிட்டு ஒப்பமிட்ட உறையில்.

அப்படிச் செய்யலாமா என்று
நெறிக்கோவையில் எங்கும் இல்லை.
இரண்டு தரம் தேடிவிட்டேன்.