ஜூன் மாதக் கால்

அளவெடுத்தது ஜூனில்.
அறுவடை முடிந்து
வீட்டில் சோளம் இருந்த மாதம்.
இரண்டு வேளையும் களி,
ஏரி கொடுத்த உசிபா மீன்,
பூசினாற்போல் இருந்தது உடம்பு.
மாவுக்கட்டை ஈரத்தோடு சுற்றி
முழங்காலுக்குக் கீழே மிச்சமிருந்ததைப்
படியெடுத்தான் லிம்பானி.
அசையாதே ஃபலேசி என்றான்.
அசையவில்லை.
அந்த அசையாத ஜூனைத்தான்
இன்னமும் மாட்டிக்கொண்டு திரிகிறேன்.

பிப்ரவரியில் கழன்று ஆடும்.
அதன்மேல் குற்றமில்லை.
குதிரின் அடிமண் தெரிகிற மாதம் அது.
கன்னம் வற்றும், தோள் வற்றும்,
அரைக்காலும்
தன் பங்குக்கு வற்றும்.
பிளாஸ்டிக்குக்குப் பசி தெரியாது.
ஜூனிலேயே நிற்கும்,
வாயைத் திறந்தபடி.

முதலில் ஒரு காலுறை.
அப்புறம் அதன்மேல் இன்னொன்று.
மார்ச்சில் ததாலாவின் பழைய பாவாடையைக் கிழித்து
சுற்றிச் சுற்றித் திணிப்பேன்.
எத்தனை சுற்று என்று சொன்னால் போதும்,
பானையில் எத்தனை பிடி மாவு என்று
நீங்களே சொல்லிவிடுவீர்கள்.
பக்கத்து வீட்டு ஸியோனேவுக்கு
அதுகூட வேண்டாம்.
என் நடை 'டக்' என்று கேட்டால்
கடன் கேட்டு வருவாள்.
'டொடக் டொடக்' என்றால்
கதவைச் சாத்திக்கொள்வாள்,
நான் கேட்டுவிடக் கூடாதே என்று.

மழைக்காலத்தில் காலுறை காயாது.
மீன் உலர்த்தும் பரணில்
மீனோடு மீனாகப் போட்டு வைப்பேன்.
பூனைகளுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்.

பாதம் வந்தபோது
எவளோ ஒரு வெள்ளைக்காரியின் நிறம்.
ஷூ பாலிஷ் தேய்த்துச்
சொந்தமாக்கப் பார்த்தேன்.
முதல் மழையிலேயே அவள் திரும்பி வந்துவிட்டாள்.
இருக்கட்டும்.
ஏரிக்கரை மணலில்
இரண்டு பேராய் நடக்கிறோம்.

ஒரு நல்லதும் செய்தது அந்தக் கால்.
போன வருஷம் திருடன் வந்த ராத்திரி
செருப்போடு அதைக் கதவோரம் சாய்த்திருந்தேன்.
உள்ளே தலையை நீட்டியவன்
ஆம்பளை யாரோ படுத்திருக்கிறான் என்று
ஓடிப்போனான்.
நாலு வருஷமாகக்
கண்ணில் படாத ஆம்பளை அது.

இந்த ஜூனில் லிலோங்வேக்குப் போனேன்.
பஸ் கூலி இரண்டு கூடை மீன்.
லிம்பானியின் அறை வாசலில்
புதுசாக ஒரு பெண், மடியில் தாள்.
சமதரையில் நடக்க முடிகிறதா?
எங்கள் ஊரில் சமதரை
ஏரி மட்டும்தான் என்றேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.
மேட்டில்?
விறகு அங்கேதானே இருக்கிறது.
வலி உண்டா?
இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்,
நாலில் ஒன்று சொல்லுங்கள்.
எந்த மாதத்து வலி என்று கேட்டேன்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
மாதத்துக்குக் கட்டம் இல்லை.

லிம்பானி மாவுக்கட்டைத் தண்ணீரில் நனைத்தான்.
வேண்டாம் என்றேன்.
பிப்ரவரியில் அளவெடு.
அப்போது எடுத்தால்
ஜூனில் உள்ளே நுழையாதே, அக்கா?
ஜூனில் நான் எங்கே நடக்கிறேன்,
உட்கார்ந்து தின்கிறேன்.
ஒரு கூடை மாவுக்காக
மூன்று ஊர் அலைவது பிப்ரவரியில்.

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தான்.
சரி, பிப்ரவரியில் வா என்றான்.

பஸ் கூலி இருப்பது ஜூனில்.

அவனுக்கும் தெரியும்.
எதுவும் பேசாமல் அலமாரியைத் திறந்து
மூன்று காலுறை கொடுத்தான்,
தடித்த கம்பளி, குதிகால் இல்லாதது.
செய்தித்தாளில் சுற்றி ஒரு போல்ட்டும்.

ஊர் வந்து சேர்ந்தபோது
ஏரியிலிருந்து குளிர்காற்று.
ததாலாவின் தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான்.
மூன்றில் ஒன்றை எடுத்து
அவன் தலையில் மாட்டினேன்.
காது வரைக்கும் இறங்கிக்
கச்சிதமாக நின்றது,
யாரும் அளவெடுக்காமலே.