கம்பளையில், ஒரு 'ம்' குறைவாக

இந்த ஊர் ஒருகாலம் தலைநகர்.
முட்டைரொட்டிக் கடைக்குப் பின்னால்
தண்ணிக் குழாய்க்குத் தோண்டியபோது
நாலு செங்கல் வந்தது, உள்ளங்கையைவிட அகலம்.
ஒன்றை நிஸ்தார் நானா
காஸ் சிலிண்டருக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்.

ராசா ஏன் போனார் என்று
செங்கல்லில் எழுதவில்லை.
கோட்டைக்குப் போனார்களாம்.
பிறகு கண்டிக்கு ஏறி,
வெள்ளைக்காரனோடு கொழும்புக்கு இறங்கி,
இப்போது மறுபடியும் கோட்டை,
சதுப்பு நிலத்தில் பார்லிமெண்ட்.

என் பையில் ஒரு பைல்.
பிறப்புப் பதிவில் அம்மா அங்கம்மா,
அடையாள அட்டையில் அங்கமா.
தோட்டத்துத் துரை கந்தோர் சொன்னது: கம்பளை.
கம்பளை சொன்னது: கண்டி.
கண்டியில் ஒருவர் தலை நிமிராமல்
"பத்தரமுல்ல" என்றார்.

ஒரு மெய்யெழுத்தைத் தேடி
ராச்சியம் போன வழியெல்லாம் போகிறேன்,
யானை இல்லை, பல்லக்கு இல்லை,
மூன்று நாள் பேர் இல்லை.

"அங்கனையும் இல்லேன்னா?"
அம்மா போனில் கேட்கிறாள்.
கொழுந்து நிறுக்கும் சத்தம் பின்னால்.

நிஸ்தார் நானா பிளேன்டீயை வைக்கிறார்.
சிலிண்டர் ஆடவில்லை.
"கொளம்ப, கொளம்ப" என்று
கதவைத் தட்டிக்கொண்டு பஸ் நகர்கிறது,
நான் இன்னும் சில்லறை எண்ணுகிறேன்.