நவ் தென்

காலை ஐந்து நாற்பது. பார்ன்ஸ்லி.
கண்ணாடிப் பனியைச் சுரண்டி எறிந்துவிட்டுக்
கதவைத் திறக்கிறேன்.
முதலில் ஏறுகிறவர்: "ஆல்ரைட்?"
அடுத்தவரும்: "ஆல்ரைட்?"

வந்த புதிதில் அதைக் கேள்வி என்று நம்பினேன்.
போலந்தில், எங்கள் ஹெல்ம் பக்கம்,
எப்படி இருக்கிறாய் என்று கேட்பவர்
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் கேட்பார்.
ஆகவே மிஸஸ் ஹின்ச்கிளிஃபிடம் சொன்னேன்,
கடைவாய்ப் பல் வலிப்பதை,
வீட்டுக்காரன் கொதிகலனைப் பழுதுபார்க்காததை,
தங்கை போனில் அழுவதை.
அவளுக்குப் பின்னால் ஏழு பேர் மழையில்.
முழுவதையும் கேட்டாள், பாவம்.
"அப்படியா கண்ணு" என்று
அட்டையைத் தொட்டுவிட்டு நகர்ந்தாள்.
மறுநாள் என் முகத்தைப் பார்க்காமல்
"குளிருது" என்றபடி ஏறினாள்.

டிப்போவில் டெஸ்மண்ட் சிரித்துச் சிரித்துத் தேநீரைக் கொட்டினான்.
அது கேள்வி இல்லை பொஜெனா,
எதிரே நம்ம வண்டி வந்தால்
விளக்கை ஒருதரம் சிமிட்டுகிறாயே, அது.
நீயும் சிமிட்டு. போய்க்கொண்டே இரு.

சிமிட்டப் பழகினேன்.
"ஹவ் டூ" என்பார்கள். பாதியில் அறுந்த வாக்கியம்,
மீதியைத் தேடி யாரும் குனிவதில்லை.
"நாட் பேட்" என்றால் மோசமில்லை என்று அகராதி.
வெள்ளிக்கிழமை மனைவியைப் புதைத்துவிட்டுத்
திங்கட்கிழமை ஏறியவரும்
அதையேதான் சொன்னார்.

"நவ் தென்" மட்டும் பிடிபடவே இல்லை.
இப்போது. அப்போது.
இரண்டு காலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு
மோவாயை லேசாக அசைத்துப் போய்விடுகிறார்கள்.
நடுவில் நடந்ததைச் சொல்லும் வினைச்சொல் எங்கே?
அதையும் டெஸ்மண்டிடம் கேட்டேன்.
"நவ் தென்னா, நவ் தென்தான்" என்றான்.

டாட்வொர்த்தில் ஏறுகிறவர் நெவில் ஆர்மிட்டேஜ்.
சில்க்ஸ்டோனில் ஏறுகிறவர் க்ளிஃப் பாட்டம்லி.
மைத்துனர்கள்.
இவர் கடைசி இருக்கை, அவர் முதல் இருக்கை.
பதினோரு வருடம் முன்பு
சிமென்ட் கலக்கும் இயந்திரத்தை இரவல் வாங்கிய க்ளிஃப்
கழுவாமல் திருப்பிக் கொடுத்தாராம்.
உள்ளே கலவை இறுகி,
உருளை சுற்றவே இல்லையாம்.
அது இன்னும் நெவிலின் தோட்டத்தில் நிற்கிறது,
பூனை படுக்க.

பிப்ரவரியில் மூன்று வாரம் முதல் இருக்கை காலி.
நெவில் ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை.
சில்க்ஸ்டோன் நிறுத்தத்தில் மட்டும்
செய்தித்தாளை இறக்கிப் பிடித்திருப்பார்.
நான் கண்ணாடியில் பார்த்தேன்.

நான்காம் வாரம் க்ளிஃப் ஏறினார்.
சட்டைக் கழுத்து இரண்டு விரல் தொளதொள.
மணிக்கட்டில் வெட்டி எடுக்க மறந்த ஆஸ்பத்திரிப் பட்டை.
"ஆல்ரைட்?" என்றேன். "ஆல்ரைட்" என்றார்.

பெனிஸ்டோன் சந்தை.
நெவில் வழக்கமாக நடுக்கதவில் இறங்குபவர்.
அன்று முன்னால் வந்தார்.
கம்பியைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார்.
ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்:
"நவ் தென்."

வண்டி முழுக்க ஹீட்டர் சத்தம்.
பச்சை விழுந்தது.
மிஸஸ் ஹின்ச்கிளிஃப் கைப்பையை மூடாமல் வைத்திருந்தாள்.
நான் ஹேண்ட்பிரேக்கை எடுக்கவில்லை.
பச்சை போய் மறுபடி சிவப்பு.

"நவ் தென்" என்றார் க்ளிஃப்,
பட்டையைச் சட்டைக் கைக்குள் தள்ளியபடி.

அவ்வளவுதான். நெவில் இறங்கிவிட்டார்.
தொப்பியை இருக்கையில் மறந்துவிட்டு,
அல்லது மறக்காமல்.

முனையத்தை எட்டும்போது நான்கு நிமிடத் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தில்
சாலை செப்பனிடும் பணி
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.