தொட்டில் என்ற சொல்

எனக்கென்று இருப்பது அரை நொடி.
அதற்குள் ஒருவர் சொல்வதைக் கேட்டு
இன்னொரு மொழியில் அவராகிவிட வேண்டும்.
கண்ணாடிக் கூண்டு, காதில் கருவி,
மூடிபோட்ட தம்ளரில் வெந்நீர்.
கேள்வி நேரம் பதினொரு மணிக்கு.

நட்சத்திரக் குறியிட்ட வினா, எண் நூற்று எண்பத்துமூன்று.
எழுந்தவர் மலைத் தொகுதிக்காரர், முதல்முறை உறுப்பினர்.
வேட்டி நுனியை ஒரு கையால் பிடித்தபடி பேசுவார்,
காகிதம் பார்க்க மாட்டார்.
எங்களுக்கு அதுதான் பயம்.

"கல்லாத்துமட்டத்துக்குப் பஸ் வந்தால் டாக்டர் இல்லை.
டாக்டர் வருகிற வியாழக்கிழமை பஸ் இல்லை.
போன ஐப்பசியில் செவந்தி என்ற பெண்ணைத்
தொட்டில் கட்டித் தூக்கிவந்தார்கள், பதினோரு கிலோமீட்டர்.
ரோட்டுக்கு வந்தபோது
தொட்டிலில் இரண்டு பேர் இருந்தார்கள்.
ஒருவருக்குத்தான் மூச்சு."

தொட்டில்.
மூங்கில் கழியில் கம்பளியை முடிந்து
முன்னால் இருவர், பின்னால் இருவர்,
வழுக்குப் பாறையில் தோள் மாற்றி இறங்குவது.
செய்தித்தாளில் படம் பார்த்திருக்கிறேன்.
கிரேடில் என்றால் குழந்தைக்கு என்பார்கள்.
அரை நொடி முடிந்தது.
ஸ்ட்ரெச்சர் என்றேன்.

அமைச்சரின் முகம் தெளிந்ததைக்
கூண்டிலிருந்தே பார்த்தேன்.
அதிகாரிகள் பக்கமிருந்து ஒரு சீட்டு
கைமாறி அவரிடம் போனது.
இப்போது நானே அமைச்சர், தமிழில்:
"ஸ்ட்ரெச்சர்களைப் பொறுத்தவரை
மூன்று ஆண்டுகளில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது வழங்கியிருக்கிறேன்.
பேருந்து என் துறையின் கீழ் வராது.
மீதித் தகவல் திரட்டப்பட்டு
அவையின் மேசைமீது வைக்கப்படும்."

மலைத் தொகுதிக்காரர் காதுக் கருவியை அழுத்திக்கொண்டார்.
அமைச்சரைப் பார்க்கவில்லை,
கூண்டைப் பார்த்தார்.
"நான் ஸ்ட்ரெச்சர் கேட்கவில்லையே."
அதையும் மொழிபெயர்த்தேன், சரியாக.
அதற்குள் அடுத்த வினா,
ஏதோ ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதை நீளம்.

மதியம் திருத்தப் படிவம் நிரப்பினேன்.
பக்கம், வரி, பிழை, திருத்தம்.
திருத்தத்துக்கான கட்டம் இரண்டு அங்குலம்.
'நோயாளியை' என்று தொடங்கி அடித்தேன்,
செவந்திக்கு நோய் எதுவும் இல்லை.
கடைசியில் தமிழிலேயே எழுதினேன்.
பிரிவு அலுவலர் ரஸ்தோகி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"என்ன வித்தியாசம் மேடம்,
இரண்டிலும் படுக்கத்தானே வைக்கிறார்கள்?" என்றார்.
விளக்கினேன். மூன்று நிமிடம் ஆனது,
அவையில் யாருக்கும் வாய்க்காத மூன்று நிமிடம்.
"எத்தனை கிலோமீட்டர்?"
பதினொன்று.
படிவத்தை வாங்கி, எதன் அடியிலும் வைக்காமல்
மேலேயே வைத்துக்கொண்டார்.

மாலை, ரயில் பவன் நிறுத்தம்.
நாற்பது நிமிடமாகப் பஸ் இல்லை.
டிசம்பர் புகை தொண்டையை அறுத்தது.
எக்ஸ்ரே உறையை நெஞ்சோடு அணைத்திருந்த ஒருத்தி
"சப்தர்ஜங் போகுமா?" என்று இந்தியில் கேட்டாள்.
வரும் ஒவ்வொரு விளக்கையும் இருவரும் எட்டிப் பார்த்தோம்.
வந்ததும் வந்தது, நிற்காமல் போனது.
அவள் ஒரு வார்த்தை சொன்னாள்,
டிரைவரில் தொடங்கி ஆட்சி வரைக்கும் போகிற வார்த்தை,
அவைக் குறிப்பிலிருந்து நீக்கவேண்டியது.

அரை நொடிகூட ஆகவில்லை.
தமிழில் அதற்கு நேர்ச்சொல்
நாக்கில் வந்து நின்றது.