நீலக் கட்டைவிரல்

ஹட்டன் ரோடு வீட்டில் பேய் இருந்தது.
அதற்கு ஒரு கட்டைவிரல் நீலம் என்று
தம்பிதான் முதலில் சொன்னான்.
கதவின் அடிச்சந்து வழியே
தட்டை உள்ளே இழுத்தபோது பார்த்தானாம்.

அம்மாவிடம் கேட்டோம், மேலே யாரு?
யாருமில்லை.
அரிசி களைந்த கையை உதறியபடி சொன்னாள்.
யாருமில்லாத அறைக்கு
தினமும் இரண்டு வேளை கஞ்சி போனது,
ஞாயிறென்றால் ஒரு துண்டு கெம்போங் மீன்.

அப்பா நல்லவர்.
தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறவர்களுக்கு
அண்டா அண்டாவாக மோர் ஊற்றியவர்.
முதலாளி வருகிறார் என்றால்
லோரிக்காரர்கள் சிகரெட்டை மிதித்து அணைப்பார்கள்.
வீட்டில் குரலை உயர்த்தியதே இல்லை.
சாவிக்கொத்தை மேசைமேல் வைப்பார்,
அவ்வளவுதான்.
கரண்டிகூடப் பேச்சை நிறுத்தும்.

மாதம் முதல் தேதி
மைத்தட்டும் ஒரு கட்டுத் தாளுமாக
வெறுங்காலோடு படியேறுவார்.
பதினேழு படி. பதினொன்றாவது முனகும்.
கீழே நாங்கள் வாய்ப்பாடு ஒப்பிப்போம்.
சத்தமாக, என்பாள் அம்மா.
இன்னும் சத்தமாக.

அத்தையின் பெயரை நான் முதலில் படித்தது
ஒரு வாடகை ரசீதின் முதுகில்.
தையல்நாயகி.
தாத்தா மகளுக்கென்றே எழுதிவைத்த
நான்கு கடைவீடுகளின் சொந்தக்காரி.
கான்வென்ட்டில் படித்து
சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவள்.
கைநாட்டு.

புத்தி சரியில்லை என்று ஊருக்கே தெரியும்.
யார் சொன்னது என்று ஊர் கேட்டதில்லை.
மாதத்தில் ஒரே ஒரு நாள்,
அந்தத் தாள்களுக்கு மட்டும்
அவளுக்குப் புத்தி தெளிந்துவிடும்.

செத்த அன்று விடாத மழை.
குளிப்பாட்டிய பெண்கள் எலுமிச்சை வைத்துத் தேய்த்தார்கள்,
தேங்காய் நார் வைத்துத் தேய்த்தார்கள்.
கடைசியில் அம்மா
மஞ்சளைக் குழைத்து அந்த விரலுக்கு மட்டும்
இரண்டு முறை பூசினாள்.
பச்சையாகிப் போனது.

இப்போது அப்பாவுக்கு எண்பத்து நான்கு.
தம்பி பெர்த்திலிருந்து மாதாமாதம் போன் செய்கிறான்,
காசு பற்றித்தான்.
கையெழுத்து நடுங்குகிறது, பேங்க் ஏற்கவில்லை.
ராத்திரியில் எழுந்து நடந்து விழுகிறார்,
அதனால்தான் கதவை
வெளியிலிருந்து.
டாக்டரே சொன்னார்.
சொன்னதாகத்தான் ஞாபகம்.

அந்த அறைக்கு மூன்று முறை பெயின்ட் அடித்தாயிற்று.
ஈரமான மாதங்களில் கிழக்குச் சுவரில் மேலெழும்,
நூற்றுக்கணக்கில் கட்டைவிரல் ரேகைகள்,
ஒவ்வொன்றின் கீழும் சாய்ந்த எழுத்தில்
அழகான ஒரு முழுக் கையெழுத்து.
யாரும் கேட்காத கையெழுத்து.

கட்டிலை அந்தச் சுவரைப் பார்க்கப் போட்டது
நான்தான்.

நேற்று அவர் கையைப் பிடித்து
மைத்தட்டில் அழுத்தினேன்.
குருவிக்கால் மாதிரி எலும்பு.
என் முகத்தைப் பார்த்து
நாயகி, என்றார்.
வேண்டாம் நாயகி.
நான் திருத்தவில்லை.
இன்னும் இரண்டு தாள் பாக்கியிருந்தது.

இறங்கி வந்தேன். பதினொன்றாவது படி.
டிவியிலிருந்து கண்ணெடுக்காமல்
மகன் கேட்டான்,
அம்மா, மேலே தாத்தா ஏன் அழுறாரு?

குழாயைத் திறந்து கையை நீட்டினேன்.
சத்தமா வை, என்றேன்.
இன்னும் சத்தமா.